பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கும் பெண்கள்

(செங்கல்பட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் நடத்திய கூட்டத்தில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் எழுந்து போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஆண்களே, தயவுசெய்து உட்காருங்கள். நான் பேசப்போவது உங்கள் வீட்டு விஷயம்.

முதலில் இந்த மாவட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செங்கல்பட்டு 2019 நவம்பரில்தான் தனி மாவட்டம் ஆனது. ஆனால் இந்த மண்ணின் மருத்துவ வரலாறு ஒரு நூற்றாண்டுப் பழமை உடையது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருமணியில் 1924 இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1955 இல் அது மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக மாறியது. தாம்பரத்தில் 1928 இல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்கு ஒரு சானடோரியம் கட்டினார். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. எய்ட்ஸ் என்றால் ஊரே கதவைச் சாத்திய 1990களில் அந்த நோயாளிகளைப் படுக்கையில் சேர்த்துப் பார்த்ததும் அதே தாம்பரம் மருத்துவமனைதான். வேறு ஊர்கள் ஒளித்துவைத்த நோய்களுக்கு இந்த வட்டாரம் தனி மருத்துவமனை கொடுத்திருக்கிறது. இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லிக்கொள்ளலாம்.

திருமணியில் 1947 இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு அறுவை மருத்துவராக இருந்த பால் பிராண்ட், இங்கே தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்க வந்தார். நோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைப் பார்த்தார். ஒருவரிடம் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செத்துப்போனது என்று எல்லோரும் நினைத்த கை, அவர் வலியில் கத்தும் அளவுக்குப் பிடித்தது. தசை உயிரோடு இருக்கிறது, நரம்பு பாதித்த சில தசைகள்தான் வேலை செய்யவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. எலும்பு மருத்துவர்கள் இதை ஏன் இதுவரை பார்க்கவில்லை என்று கேட்டார். அது தோல் மருத்துவரின் நோய் என்று ஒதுக்கிவைத்திருந்ததுதான் காரணம். அடுத்து வந்த ஆண்டுகளில் வேலூரில் தசைநாண்களை இடம் மாற்றிவைக்கும் அறுவை சிகிச்சை பிறந்தது. மடங்கிய கைகள் திரும்பவும் சோறு பிசைந்தன. ஒரு நோயை ஒரே துறையின் கணக்கில் எழுதி மூடிவைத்தால் என்ன கெடும் என்பதற்கு உள்ளூர்ச் சான்று இது.

இன்று நான் பேச வந்த நோயும் அப்படித் தவறான கணக்கில் எழுதப்பட்டதுதான். எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவரில் மாதாமாதம் வளர்ந்து உதிரும் ஒரு படலம் இருக்கிறது. அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ, குடலின் மேலோ, சிறுநீர்ப்பையின் மேலோ, வயிற்றின் உள்சவ்விலோ ஒட்டி வளர்வதுதான் இந்த நோய். உள்ளே இருக்கும் படலம் உதிர்ந்தால் வெளியே போக வழி உண்டு. வெளியே வளர்ந்ததற்கு வழி கிடையாது. அந்த இடம் வீங்கும், புண்ணாகும், ஆறும், தழும்பாகும். நாளடைவில் குடலும் கருப்பையும் சினைப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியானால் அதன் நிறத்தை வைத்து டாக்டர்கள் 'சாக்லேட் கட்டி' என்பார்கள்.

ஏன் வருகிறது? மாதவிடாய் ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போவதால் என்று அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்ஸன் 1927 இல் சொன்னார். அது பாதி விடைதான். பெரும்பாலான பெண்களுக்கு அப்படிக் கொஞ்சம் பின்னே போகத்தான் செய்கிறது, எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நோய் எதிர்ப்பாற்றல், பரம்பரை என்று மீதி விடையை உலகம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கை மட்டும் தெரியும். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர், உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வலி தொடங்கியதிலிருந்து நோயின் பெயர் தெரியும் வரை சராசரியாக 4 முதல் 12 ஆண்டுகள் ஆவதாகவும் அதே நிறுவனம் சொல்கிறது. அந்த ஆண்டுகள் நம் ஊரில் எப்படிக் கழிகின்றன என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். எட்டாம் வகுப்பில் தொடங்குகிறது. மாதம் இரண்டு நாள் பள்ளிக்கூடம் கிடையாது. அம்மா ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுப்பார். பாட்டி, "எங்களுக்கெல்லாம் வராததா? கல்யாணம் ஆனா சரியா பூடும்" என்பார். கல்யாணம் ஆகும், சரியாகாது. கணவனோடு சேரும்போது உயிர் போகிற மாதிரி வலிக்கும். அதை அவள் யாரிடம் சொல்வாள்? "ஒரு புள்ள பொறந்தா எல்லாம் அடங்கிடும்" என்பார்கள். சில பேருக்குப் பிள்ளையே தங்காது. அப்போதுதான் முதல் முறையாகக் குடும்பமே கூடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும். பன்னிரண்டு வருஷ வலிக்கு எடுக்காத ஆட்டோவைப் பிள்ளை இல்லை என்றதும் எடுப்பார்கள்.

நோய் வலியால் தெரியவில்லை, மலடு என்ற பேச்சால் தெரிந்தது. பெண்ணின் வயிறு நமக்குப் பிள்ளை விஷயத்தில் மட்டும்தான் கவலை தருகிறது.

அரசை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. பிரசவத்தில் தமிழ்நாடு செய்திருப்பது சாதாரணம் அல்ல. சென்னை எழும்பூரில் 1844 இல் தொடங்கிய மகப்பேறு மருத்துவமனை, 1885 இல் மேரி ஷார்லிப் தொடங்கிய பெண்கள் மருத்துவமனை (இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை), 1912 இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, இன்று அவர் பெயரில் கர்ப்பிணிகளுக்குப் போய்ச் சேரும் உதவித் தொகை என்று நீண்ட வரிசை இருக்கிறது. 2018-20 கணக்கில் உயிரோடு பிறந்த ஒவ்வொரு லட்சம் குழந்தைகளுக்கும் இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். 2022 இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது செஸ் வீராங்கனை ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து ஆடியது நினைவிருக்கும். இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. ஒரு கர்ப்பிணியை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நமக்கு நன்றாகத் தெரியும்.

கர்ப்பமில்லாத பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் நமக்கு ஒன்றும் ஓடுவதில்லை. புறநோயாளிப் பிரிவில் நிறைமாத வயிறுகளுக்கு நடுவே அவள் நிற்கிறாள். அங்கே இருக்கும் டாக்டருக்கு ஒரு காலையில் நூறு பேர். ஒரு வார்த்தை கேட்க நேரமில்லை, ஒரு மாத்திரை எழுத நேரம் இருக்கிறது. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், அதனால் டாக்டரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

ஸ்கேன் எடுத்தாயிற்றே, எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்களே என்பீர்கள். வயிற்றின் மேலே வைத்து எடுக்கும் ஸ்கேனில் பெரிய சாக்லேட் கட்டி தெரியும். குடலுக்கும் கருப்பைக்கும் இடையே ஆழமாக ஊடுருவிய நோய் பெரும்பாலும் தெரியாது. சவ்வின் மேல் புள்ளி புள்ளியாகப் படர்ந்தது எந்த ஸ்கேனிலும் எளிதில் அகப்படாது. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் நிறையக் காட்டும், ஆனால் எதைத் தேட வேண்டும் என்று பழகிய கண் வேண்டும். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அந்த ஸ்கேனை நம் ஊரில் எடுப்பதில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், அதை எழுதிக் கொடுக்க யாராவது அவள் சொல்வதை நம்பியிருக்க வேண்டும். ஆகவே பதினெட்டு வயதுப் பெண்ணின் கையில் 'நார்மல்' என்ற காகிதம் இருக்கிறது, வயிற்றில் நோய் இருக்கிறது. அந்தக் காகிதத்தைக் காட்டி வீட்டில், "நடிக்கிறா" என்கிறார்கள். ஸ்கேன் நார்மல் என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. இந்த ஒரு வரியை மட்டுமாவது வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

முன்பெல்லாம் லேப்ராஸ்கோப்பி, அதாவது தொப்புள் வழியே குழாய் விட்டு உள்ளே பார்த்தால்தான் நோயை உறுதி செய்யலாம் என்றிருந்தோம். 2022 இல் ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி அதை மாற்றிவிட்டது. பெண் சொல்வதைக் கேட்டு, பரிசோதித்து, ஸ்கேன் பார்த்து மருந்தைத் தொடங்கலாம். அதில் பலன் இல்லாதபோதோ, ஸ்கேனில் தெரியாமல் சந்தேகம் நீடிக்கும்போதோ குழாய் விட்டுப் பார்க்கலாம். நம்மைப் போன்ற ஊர்களுக்கு இது பெரிய விடுதலை. ஏனென்றால் முதல் கட்ட மருந்து விலை உயர்ந்தது அல்ல. கருத்தடைக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையும், அந்தரா ஊசியும் இந்த நோயை அடக்கப் பயன்படும் ஹார்மோன் வகைகள்தான். டைனோஜெஸ்ட் போன்ற மருந்துகளும் உண்டு. ரத்த அழுத்தம், ரத்தக் கட்டு, கடுமையான ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு எல்லா மாத்திரையும் ஒத்துவராது, எனவே டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். "மாத்திரை சாப்பிட்டா பின்னால புள்ள பொறக்காது" என்ற பயம் வேண்டாம். நிறுத்தினால் கருத்தரிக்கும் திறன் திரும்பும். இந்த நோயில் பிள்ளைப்பேற்றைக் கெடுப்பது அடக்காமல் விட்ட நோய்தான்.

வலி மாத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் ஷாப்பில் போய், "பீரியட்ஸ் மாத்திரை" என்று கேட்டால் மெஃப்டால் ஸ்பாஸ் கொடுத்துவிடுவார்கள். அதில் இருக்கும் மெஃபனாமிக் அமிலம் நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்கு உடலெங்கும் தடிப்பும் காய்ச்சலுமாகக் கடுமையான ஒவ்வாமை வரக்கூடும் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. சாப்பிட்ட பிறகு, இரண்டு மூன்று நாள் எடுக்கலாம். மாதாமாதம் பட்டை பட்டையாகத் தேவைப்பட்டால் அது மருந்துக் கடைக்காரர் பார்க்கும் விஷயம் இல்லை. 2019 இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் நம் மாநிலத்து ஆயத்த ஆடை ஆலைப் பெண்கள் சுமார் 100 பேரிடம் பேசினார்கள். வலி என்று சொன்னால் மேற்பார்வையாளரே பெயர் தெரியாத மாத்திரையைக் கொடுத்து மெஷினில் உட்காரவைப்பார் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். நம் பக்கமும் மறைமலை நகர் முதல் மகிந்திரா சிட்டி வரை ஹாஸ்டலில் தங்கி ஷிப்ட் பார்க்கும் பெண் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கு வலி வந்தால் எங்கே போகிறார்கள் என்று யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறோமா?

இன்னொரு பக்கம் இதற்கு நேர் எதிரான கொடுமை. "குழந்தைங்க போதும்ல? கர்ப்பப்பையை எடுத்துடலாம்." முப்பது வயதில், முப்பத்தைந்தில். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் வேலை நாள் போய்விடக் கூடாதென்று கர்ப்பப்பையையே எடுத்துக்கொண்டது 2019 இல் நாடு முழுக்கத் தெரிந்தது. தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கங்களைத் தடுக்கச் சொல்லி 2023 இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எண்டோமெட்ரியோசிஸ் கர்ப்பப்பைக்கு வெளியே இருக்கும் நோய். குடல் மேல் இருப்பதை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை எடுத்தால் வலி அப்படியே இருக்கும். சினைப்பையையும் சேர்த்து இளம் வயதில் எடுத்தால் எலும்பு தேயும், இதயத்துக்கும் கேடு. கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே அந்தத் திசு ஊடுருவும் அடினோமையோசிஸ், பெரிய நார்க்கட்டி இவற்றுக்குக் கடைசி வழியாக நீக்கம் உதவும், மறுக்கவில்லை. கடைசி வழியாக என்றுதான் சொல்கிறேன்.

சிறப்புச் சிகிச்சை எதற்கு, எல்லா மகப்பேறு மருத்துவரும் பார்க்கக் கூடாதா என்று கேட்பார்கள். பெரும்பாலான நோயாளிகளை எந்த மகப்பேறு மருத்துவரும் பார்க்கலாம். மிச்சம் இருப்பவர்களுக்குக் குடலிலும் சிறுநீர்க் குழாயிலும் நோய் ஒட்டியிருக்கும். அவர்களுக்கு அறுவை என்றால் பெண்நோய் மருத்துவரோடு குடல் அறுவை நிபுணரும் சிறுநீரக நிபுணரும் ஒரே மேசையில், ஒரே நாளில் நிற்க வேண்டும். பாதி செய்துவிட்டு மூடினால் அடுத்த அறுவை இன்னும் கடினம், ஒவ்வொரு அறுவையும் புதிய ஒட்டல்களை உண்டாக்கும். ஒரு முறை, ஒழுங்காக. அதுவே விதி. இன்னொரு காரணம் நம் நாட்டுக்கே உரியது. கருக்குழாயிலும் கருப்பையிலும் வரும் காசநோய் இதே வலியை, இதே ஒட்டல்களை, இதே பிள்ளையின்மையைக் கொடுக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. பிரித்தறியப் பழகியவர் வேண்டும். அப்புறம் சிசேரியன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரிதாகச் சிலருக்கு அந்தத் தையல் தழும்பிலேயே இந்தத் திசு முளைக்கும். மாதவிடாய் நாளில் தழும்பருகே ஒரு முடிச்சு வீங்கி வலித்து, பிறகு வற்றினால் ஹெர்னியா என்று விட்டுவிடாதீர்கள், காட்டுங்கள்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? ஆஸ்திரேலியா 2018 இல் இந்த நோய்க்கென்று தேசியச் செயல்திட்டம் போட்டது. பிரான்ஸ் 2022 இல் அறிவித்தது. பிரிட்டனில் அங்கீகாரம் பெற்ற எண்டோமெட்ரியோசிஸ் மையங்கள் இருக்கின்றன. குடல் அறுவை நிபுணரும் இந்த நோய்க்கென்றே ஒரு செவிலியரும் இல்லாமல் அங்கீகாரம் கிடையாது. அப்படியிருந்தும் 2020 இல் அந்த நாட்டு நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது நோயின் பெயர் தெரியச் சராசரியாக எட்டு ஆண்டுகள் ஆவது தெரிந்தது. மையம் கட்டினால் மட்டும் போதாது என்பதற்கு அது பாடம். முதல் கேள்வி வீட்டு வாசலில் கேட்கப்பட வேண்டும்.

அங்கேதான் நாம் அவர்களைவிட முன்னால் போக முடியும் என்று நினைக்கிறேன். கிராம சுகாதாரச் செவிலியர் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் கொடுக்கிறார். ரத்தத்துக்கு வழி செய்தாயிற்று, வலியையும் கேட்டால் என்ன? 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் பிரஷரும் சுகரும் பார்க்க வீடு தேடி வருகிறார்கள். அதே படிவத்தில் ஒரு கேள்வி: "மாதவிடாய் வலியால் பள்ளிக்கோ வேலைக்கோ போகாமல் இருந்தது உண்டா?" இதே மாவட்டத்து மேல்மருவத்தூரில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கியது. சாலையில் அடிபட்டவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரம் இலவசம், எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதும் முன்கூட்டியே தீர்மானம். மணிக்கணக்கைக் காப்பாற்ற ஒரு அரசு இவ்வளவு யோசிக்க முடிந்தால், வருஷக் கணக்கைக் காப்பாற்றவும் யோசிக்க முடியும்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965 இல் வந்தது. பெண்நோய், பொது அறுவை, சிறுநீரகம், கதிரியக்கம், மனநலம் என்று பிரித்துப் பிரித்துத் துறைகள் இருக்கும் இடம் மருத்துவக் கல்லூரி. நான் கேட்பது புதுக் கட்டடம் இல்லை. வாரத்தில் ஒரு நாள், பிரசவப் பிரிவிலிருந்து தனியாக, இடுப்புக்குழி வலிக்கென்று ஒரு மருத்துவகம். ஒரே செவிலியர், ஆண்டு முழுக்க அவரே. பயிற்சி பெற்ற ஒரு ஸ்கேன் மருத்துவர். மாதம் ஒரு நாள் எல்லாத் துறையும் கூடிச் செய்யும் அறுவை. கல்யாணம் ஆனவரா ஆகாதவரா என்பது அங்கே கேட்கும் முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. மாமல்லபுரத்திலிருந்து இங்கே வர ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். மீன் கூடை தூக்குகிறவருக்கும் சிற்பக் கூடத்தில் கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவருக்கும் ரிசார்ட்டில் அறை பெருக்குகிறவருக்கும் ஒரு நாள் வந்து போவது ஒரு நாள் கூலி. எனவே முதல் பார்வையும் மருந்து தொடர்வதும் கடற்கரையிலேயே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்க வேண்டும். இங்கே வருவது தேவைப்பட்டவர் மட்டும். அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் அதைக் கையோடு கொண்டு வாருங்கள், இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. வீட்டில் வலிக்கிற பெண் இருந்தால் இந்த மாதத்திலிருந்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வலித்த நாள், சாப்பிட்ட மாத்திரை, போகாத பள்ளி, மலம் சிறுநீர் கழிக்கும்போது வலித்ததா என்பது. மூன்று மாதக் குறிப்பை மேசையில் வைத்தால் நூறு பேரைப் பார்க்கிற டாக்டரும் நிமிர்ந்து பார்ப்பார். இரண்டாவது, திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. பட்டாவுக்கும் குடிநீருக்கும் மனு கொடுக்கிறோம். வருகிற திங்கட்கிழமை ஒவ்வொரு குழுவும் இந்த மருத்துவகத்தைக் கேட்டு ஒரு மனு கொடுங்கள். எழுதத் தயக்கமாக இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். பின்வரிசை ஆண்கள்தான் முதலில் கையெழுத்துப் போட வேண்டும்.